ஊருக்குப் புதுசு, கையில் போன்

பியோங்யாங் விமான நிலையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வந்திறங்கும் வெளிநாட்டுக்காரர் சுங்க மேசையில் தன் மொபைல் போனைக் கொடுத்துவிட வேண்டும். ஊர் திரும்பும் நாளில், விமானம் ஏறுமுன் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கேமராவை உள்ளே கொண்டுபோகலாம், போனைக் கூடாது. உள்ளங்கையில் அடங்குகிற அந்தச் சாமான்தான் பெரிய ஆபத்து என்று வட கொரியா கணக்குப் போட்டிருந்தது.

2013 ஜனவரியில் அந்த விதி தளர்ந்தது. வெளிநாட்டவர் தங்கள் போனோடு உள்ளே வரலாம், கோரியோலிங்க் நிறுவனத்தின் சிம் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த மாதமே அவர்களுக்கு 3ஜி இணையமும் கிடைத்தது. அவர்களுக்கு மட்டும்தான். அதே கம்பெனியின் சிம் வைத்திருந்த உள்ளூர்க்காரருக்கு இணையமும் கிடையாது, வெளிநாட்டுக்காரர் எண்ணுக்கு அழைக்கும் வசதியும் கிடையாது.

அந்தச் சின்னத் திறப்புக்குள் முதலில் நுழைந்தவர்களில் ஒருவர் டேவிட் கட்டன்ஃபெல்டர். அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்காரர், அப்போது ஏ.பி. செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர். நைரோபி, அபிஜான், டெல்லி, ஜெருசலேம், டோக்கியோ என்று வேலைக் காலத்தின் பெரும்பகுதியை அடுத்தவர் நாட்டிலேயே கழித்தவர். வட கொரியாவுக்கு அவர் முதலில் போனது 2000-ல், அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட்டின் பயணத்தோடு. 2012 ஜனவரியில் ஏ.பி. பியோங்யாங்கில் அலுவலகம் திறந்த பிறகு, மாற்றி மாற்றிப் போய் வருவதே அவர் பிழைப்பாகிவிட்டது.

அணிவகுப்பு, தலைவர்களின் வெண்கலச் சிலை, ஆயிரம் பேர் ஒரே தாளத்தில் கைதட்டும் அரங்கம். வட கொரியா என்றால் உலகம் பார்த்துப் பழகிய படங்கள் இவைதான். கட்டன்ஃபெல்டரும் அவற்றைப் பெரிய கேமராவில் எடுத்து அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். போன் கைக்கு வந்ததும் அவர் பார்வை வேறு பக்கம் திரும்பியது. ஹோட்டல் மேசை, கார் ஜன்னலுக்கு வெளியே ஓடும் வயல், ரோட்டோரம் நடந்து போகிறவர் என்று, ஒரு செய்தி ஆசிரியர் பார்த்தால் ‘இதில் என்ன இருக்கிறது?’ என்று ஒதுக்கிவிடக்கூடிய படங்களை அங்கிருந்தபடியே இன்ஸ்டாகிராமில் போட்டார். அந்த வருடம் ‘டைம்’ பத்திரிகை, ஆண்டின் சிறந்த இன்ஸ்டாகிராம் புகைப்படக்காரராக அவரைத் தேர்ந்தெடுத்தது.

ஒரு சந்தேகம் எழும், நியாயமான சந்தேகமும்கூட. அந்த நாட்டில் வெளிநாட்டுப் பத்திரிகையாளர் வழிகாட்டி இல்லாமல் தெருவில் இறங்க முடியாது. அரசு அழைத்துப் போன இடத்தில், அரசு காட்டியதை எடுத்த படம்தானே? ஆமாம். ஆனால், வழிகாட்டி காட்டுவது நினைவுச் சின்னத்தை. அதன் அடிவாரத்தில் செருப்பைச் சரிசெய்துகொள்ளும் பெண்ணை யாரும் ‘இதோ பாருங்கள்’ என்று காட்டுவதில்லை. ஒத்திகை பார்க்கப்படாத விஷயம் ஓரத்தில்தான் கிடக்கும். பலமுறை போய், அந்த ஊர் பழகி, அதிசயப்படுவதை நிறுத்திக்கொண்ட கண்ணுக்குத்தான் ஓரம் தெரியும்.

வெளிநாட்டில் வசிக்கிறவர்களின் போன் புகைப்பட மோகம் பற்றிப் பேசும்போது நாம் கவனிக்க வேண்டிய இடம் இந்தப் பழக்கம்தான். எந்த மாடல் போன், எத்தனை மெகாபிக்ஸல் என்பதெல்லாம் கடைக்காரர் கவலை.

பிரசவ ஆஸ்பத்திரியும் டாகோ கடையும்

போன் புகைப்படக் கதையின் தொடக்கத்திலேயே ஒரு வெளிநாட்டுக்காரர் இருக்கிறார். பாரிஸில் பிறந்து, அமெரிக்கா போய், போர்லேண்ட் மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய பிலிப் கான். 1997 ஜூன் 11 அன்று கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸில் மனைவி பிரசவ வலியில் இருக்க, இவர் ஒரு டிஜிட்டல் கேமரா, ஒரு மோட்டோரோலா போன், ஒரு லேப்டாப் மூன்றையும் ஒயரால் பிணைத்துக்கொண்டிருந்தார். மகள் சோஃபி பிறந்ததும் எடுத்த படம், உடனடியாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பிரசவ நேரத்தில் கணவர் ஒயர் முறுக்கிக்கொண்டிருந்ததை அந்த அம்மா எப்படிப் பொறுத்துக்கொண்டாரோ!

இன்னொரு சம்பவம் மெக்ஸிகோவில், 2010 ஜூலை 16. டோடோஸ் சான்டோஸ் என்கிற கடலோரச் சிற்றூரில் ஒரு டாகோ கடை. பொன்னிற நாய்க்குட்டி ஒன்று நிமிர்ந்து பார்க்கிறது. படத்தின் மூலையில் செருப்பு போட்ட ஒரு பெண்ணின் பாதம். எடுத்தவர் இன்ஸ்டாகிராமை உருவாக்கியவர்களில் ஒருவரான அமெரிக்கர் கெவின் சிஸ்ட்ரம், பாதம் அவருடைய காதலியுடையது. இன்ஸ்டாகிராமில் ஏறிய முதல் படங்களில் ஒன்று அது. அப்போது அந்தச் செயலிக்கு அந்தப் பெயர்கூட வைக்கவில்லை. ‘என் படங்கள் உன் நண்பர் படங்கள் மாதிரி அழகாக வருவதில்லை, நான் போட மாட்டேன்’ என்ற அர்த்தத்தில் காதலி தயங்கியதால்தான், தங்கியிருந்த இடத்திலேயே உட்கார்ந்து படத்தின் நிறத்தை மெருகேற்றும் முதல் ஃபில்டரை சிஸ்ட்ரம் எழுதினார். அக்டோபர் 6-ல் செயலி வெளியானது. ஒன்றரை வருடத்தில் ஃபேஸ்புக் அதை 100 கோடி டாலர் தருவதாகச் சொல்லி வளைத்துப்போட்டது.

போர்க்களத்துக்கும் போன் போனது. 2010-ல் ஆஃப்கானிஸ்தானில் அமெரிக்கச் சிப்பாய்களோடு தங்கியிருந்த ‘நியூயார்க் டைம்ஸ்’ புகைப்படக்காரர் டேமன் வின்டர், ஹிப்ஸ்டமாட்டிக் என்கிற போன் செயலியில் எடுத்த படங்கள் முதல் பக்கத்திலேயே வந்தன. மறு வருடம் ஒரு பெரிய போட்டியில் மூன்றாம் பரிசும் வாங்கின. செயலி தானாகப் பூசுகிற வண்ணம் செய்திப் படத்தில் இருக்கலாமா என்று துறைக்குள் பெரிய சண்டை. வின்டர் சொன்ன பதிலில் ஒன்று மனதில் நிற்கிறது. சிப்பாய்களே ஒருவரையொருவர் போனில்தான் படம் எடுத்துக்கொள்கிறார்கள், நானும் அதையே எடுத்தால் யாரும் விறைத்துக்கொள்வதில்லை என்றார். மைக்கேல் கிறிஸ்டோஃபர் பிரவுன் கதை வேறு. 2011-ல் லிபியாவில் அவருடைய கேமரா உடைந்துபோனது. மிச்சமிருந்த போனால் ஒரு புரட்சியையே படமாக்கினார். அந்த ஏப்ரலில் மிஸ்ரட்டாவில் விழுந்த குண்டில் சக புகைப்படக்காரர்கள் டிம் ஹெதரிங்டன், கிறிஸ் ஹோண்ட்ரோஸ் இருவரும் இறந்தார்கள். பிரவுன் காயத்தோடு பிழைத்தார். அந்தப் படங்களை ‘லிபியன் ஷுகர்’ என்கிற புத்தகமாக்க அவருக்கு 2016 வரை ஆனது.

கேமராவில் அகதி, போனில் அக்கம்பக்கம்

இந்த வகையில் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்ட முயற்சி ஆப்பிரிக்காவில் நடந்தது.

பீட்டர் டிகாம்போ, ஆஸ்டின் மெரில். இருவரும் அமெரிக்கர்கள். அமெரிக்க அரசின் ‘பீஸ் கோர்’ தொண்டர்களாக மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்தவர்கள். மெரில் இருந்தது ஐவரி கோஸ்ட்டில். டிகாம்போ இருந்தது கானாவின் வடக்கே வன்டுகு என்கிற கிராமத்தில். மின்சாரம் இல்லாத ஊர். டார்ச் வெளிச்சத்தில் படிக்கிற, பேசுகிற, தொழுகிற மனிதர்களை டிகாம்போ எடுத்த வரிசை பின்னாளில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

2012-ல் இருவரும் செய்தியாளர்களாக ஐவரி கோஸ்ட்டுக்குத் திரும்பப் போனார்கள். 2010 தேர்தலில் தோற்ற அதிபர் நாற்காலியை விட மறுத்ததால் மூண்ட சண்டையில் சுமார் மூவாயிரம் பேர் செத்திருந்தார்கள். சண்டைக்குப் பிறகு நாடு எப்படி இருக்கிறது என்று எழுதுவதுதான் வேலை. உலகத்திலேயே அதிகமாகக் கோகோ விளையும் நாடு அது. கோகோ தோட்டங்களின் நிலத்தகராறும் அந்தச் சண்டைக்குள் இருந்தது. வீடிழந்தவர்கள், உறவைப் பறிகொடுத்தவர்கள் என்று தேடித் தேடிப் பேட்டி கண்டார்கள், படம் எடுத்தார்கள்.

சில நாளில் உறுத்த ஆரம்பித்தது. அவர்கள் தேடிப் பிடிப்பதெல்லாம் துயரம். ஆனால், தேடுகிற வழியெல்லாம் கண்ணில் படுவது வேறு. அலுவலகத்துக்குக் கிளம்புகிறவர்கள், கடைத்தெரு, போக்குவரத்து நெரிசல், கல்யாண உடுப்பு, அரட்டை. இருவரும் வருடக்கணக்கில் வாழ்ந்து பார்த்த ஆப்பிரிக்கா இதுதானே? கேமரா துயரத்தை எடுத்துக்கொண்டிருக்க, பாக்கெட்டிலிருந்த போன் மற்றதையெல்லாம் எடுக்கத் தொடங்கியது. ‘எவ்ரிடே ஆப்பிரிக்கா’ என்கிற இன்ஸ்டாகிராம் கணக்கு பிறந்த கதை இது.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஆனால், இந்த இடத்தில்தான் வெளிநாட்டுப் புகைப்படக்காரர்கள் நூறு வருடமாகச் சறுக்கியிருக்கிறார்கள். கென்ய எழுத்தாளர் பின்யாவங்கா வைனைனா 2005-ல் ‘கிரான்டா’ இதழில், ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதுவது எப்படி என்று பாடம் நடத்துகிற பாவனையில் ஒரு கிண்டல் கட்டுரை எழுதினார். பட்டினி, சிங்கம், அஸ்தமன சூரியன் இல்லாமல் ஆப்பிரிக்காவைப் பார்க்கவே தெரியாத வெளிநாட்டுப் பேனாக்களுக்கு அது சரியான சூடு. பேனாவுக்குச் சொன்னது கேமராவுக்கும் பொருந்தும்.

டிகாம்போவும் மெரிலும் செய்த உருப்படியான காரியம் அடுத்துதான் வருகிறது. கணக்கைத் தாங்களே வைத்துக்கொள்ளவில்லை, அந்தந்த ஊர்க்காரர்களை உள்ளே அழைத்தார்கள். கானாவின் நானா கோஃபி அக்குவா வந்தார். மேற்கு ஆப்பிரிக்க முடிதிருத்தும் கடைகளைப் படமெடுத்துப் புகழ்பெற்ற நைஜீரியாவின் ஆண்ட்ரூ எசியேபோ வந்தார். 2017-ல் புத்தகம் வந்தபோது முப்பது புகைப்படக்காரர்களின் படங்கள் அதில் இருந்தன. நியூயார்க்கின் பிராங்க்ஸ், கென்யாவின் மொம்பாசா பள்ளிகளில் இந்தப் படங்களை வைத்து வகுப்பும் நடந்தது. ஈரான், மத்திய கிழக்கு, ஆசியா என்று இதே பெயரில் கிளைகள் முளைத்தன. கட்டன்ஃபெல்டரும் பின்னர் வட கொரியாவுக்காக ஒன்றைத் தொடங்கினார்.

எத்தியோப்பியாவின் கிர்மா பெர்டா இந்த அலையில் வளர்ந்த தலைமுறை. அடிஸ் அபாபா தெருவில் நடந்து போகிறவர்களை போனில் எடுக்கிறார். பிறகு, அவர்களைச் சுற்றியிருக்கிற தெருவையே துடைத்துவிட்டு ஒற்றை வண்ணத்தை நிரப்புகிறார். தலையில் சுமையோடு ஒருவர், அவர் நிழல், பின்னால் அடர்த்தியான ஒரு மஞ்சளோ சிவப்போ. பரிதாபப்பட அங்கே ஒன்றும் மிச்சமில்லை, ஆளை மட்டும்தான் பார்த்தாக வேண்டும். 2016-ல் கெட்டி இமேஜஸ்-இன்ஸ்டாகிராம் நல்கை அவருக்குக் கிடைத்தது. வெளிநாட்டுக்காரருக்கு இந்த யோசனை வந்திருக்குமா? வந்திருக்காது என்றே தோன்றுகிறது. வந்தவருக்குத் தெருதான் புதுசு, அதைத் துடைக்க அவருக்கு மனசு வராது.

ஒரு இடைச்செருகல். கறுப்புத் தோலை ஒழுங்காகப் படமெடுக்கக் கருவிகளுக்கே நெடுநாள் தெரியாது. கோடாக் காலத்தில் பிரிண்ட் போடும் ஆய்வகங்கள் வண்ணத்தைச் சரிபார்க்க ஒரு மாதிரி அட்டை வைத்திருந்தன. அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண். ‘ஷெர்லி அட்டை’ என்றே அதற்குப் பெயர். அந்த நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. டிஜிட்டலும் இந்தச் சாய்வோடுதான் வந்தது. கறுத்த நிறங்களை உள்ளபடி காட்டுகிறோம் என்று கூகுள் தன் பிக்ஸல் 6 போனில் தனி ஏற்பாடு செய்து விளம்பரப்படுத்தியது 2021-ல்தான்.

மலைக்கு முன்னால் ஒரு திரை

ஊரோடு ஒட்டாமல் போனை மட்டும் நீட்டினால் என்ன ஆகும் என்று பார்க்க ஜப்பானுக்குப் போக வேண்டும்.

புஜி மலை அடிவாரத்தில் ஃபுஜிகவாகுச்சிகோ என்று ஓர் ஊர். அங்கே ரோட்டோரத்தில் ஒரு லாசன் கடை, நம்மூர் பெட்டிக்கடையின் பணக்கார அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். எதிர்ச்சாரியில் நின்று பார்த்தால், கடையின் கூரைமேல் புஜி மலை உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். யாரோ எடுத்த படம் பரவி, வெளிநாட்டவர் கூட்டம் குவிந்தது. வண்டி வருகிறதா என்று பார்க்காமல் சாலையைக் கடப்பது, குப்பை போடுவது, எதிரிலிருந்த பல் மருத்துவமனை வாசலில் காரை நிறுத்துவது, அதன் கூரைமேலேயே ஏறுவது. சொல்லிச் சொல்லிப் பார்த்த ஊர் நிர்வாகம் 2024 மே மாதம் இரண்டரை மீட்டர் உயரம், இருபது மீட்டர் நீளத்துக்குக் கறுப்பு வலைத் திரை கட்டி மலையையே மறைத்துவிட்டது. சில நாள்களுக்குள் வலையில் போன் லென்ஸ் நுழைகிற அளவுக்கு ஓட்டைகள்! ஆகஸ்டில் புயல் எச்சரிக்கை வந்தபோதுதான் திரையை இறக்கினார்கள்.

கியோட்டோவின் கியோன் பகுதியில் இதைவிடக் கறார். கெய்ஷாக்கள் எனப்படும் பாரம்பரியக் கலைஞர்களைத் துரத்திப் படம் எடுக்கிறவர்களின் தொல்லை தாங்காமல், தனியார் சந்துகளில் படமெடுத்தால் 10,000 யென் அபராதம் என்று 2019-ல் பலகை வைத்தார்கள். 2024-ல் அந்தச் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணி நுழையவே தடை.

இத்தனைக்கும், போன் புகைப்படத்தை அன்றாடப் பழக்கமாக்கிய நாடே ஜப்பான்தான். 2000-ல் ஷார்ப் நிறுவனத்தின் ஜே-எஸ்.ஹெச்.04 போனில் இருந்த கேமரா வெறும் 1.1 லட்சம் பிக்ஸல், இன்றைய கணக்கில் கடுகு. படம் எடுத்து அனுப்புவதற்கு ‘ஷா-மேல்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். பிறருக்குத் தெரியாமல் படமெடுக்கும் தொல்லையையும் முதலில் பார்த்தவர்கள் அவர்களே. அதனால்தான் அங்கே விற்கிற போன்களில் கேமராவின் ‘கிளிக்’ சத்தத்தை அணைக்க முடியாதபடி நிறுவனங்களே ஏற்பாடு செய்தன. தென் கொரியாவில் அந்தச் சத்தம் 60 முதல் 68 டெசிபல் வரை இருக்க வேண்டும் என்று 2004-ல் தரமே நிர்ணயித்தார்கள். வேலைக்காக டோக்கியோவிலோ சியோலிலோ குடியேறி, அங்கேயே போன் வாங்கியவர் அமைதியான கோயிலுக்குள் நின்று படம் எடுத்தால், பத்து தலைகள் திரும்பும். தொல்லைதான், ஆனாலும் ஒருவிதத்தில் நல்ல பழக்கம். எடுக்கிறேன் என்று எதிராளிக்குச் சொல்லிவிட்டு எடுப்பது போலத்தானே அது?

போனின் இன்னொரு குணமும் இதற்கு உதவுகிறது. அதன் முதன்மை லென்ஸ் அகலப் பார்வை கொண்டது. ஒரு முகம் படத்தில் நிறைய வேண்டுமானால், எடுக்கிறவர் இரண்டடி தூரத்துக்குப் போக வேண்டும். இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு பேசாமல் இருக்க முடியாது. வணக்கம் சொல்ல வேண்டும், அந்த ஊர் பாஷையில் நாலு வார்த்தை தெரிந்திருக்க வேண்டும். கட்டன்ஃபெல்டர் இளவயதிலேயே சுவாஹிலி படித்தவர் என்பதும், டிகாம்போ ஒரு கிராமத்தில் குடியிருந்தவர் என்பதும் படத்தில் தெரிகிற விஷயங்கள். பெரிய லென்ஸ்காரர் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொள்ளலாம்.

யாரும் விருது கொடுக்காத படங்கள்

வெளிநாட்டில் தங்கி, போனில் ஓயாமல் படம் எடுக்கிறவர் என்றதும் ஒரு வெள்ளைக்காரர் முகம்தான் மனதில் வருகிறது. ஆனால், இந்தப் பூமியில் அந்தக் காரியத்தை மிக அதிகமாகச் செய்கிறவர்கள் தொழிலாளர்கள். துபாய், தோஹா, சிங்கப்பூர், கோலாலம்பூர். அவர்களில் நம் ஆள்களும் ஏராளம். வாடகை அறையின் அடுக்குக் கட்டில், பாதி எழும்பிய கோபுரத்தின் நாற்பதாவது மாடி, வெள்ளிக்கிழமைச் சமையல், மணல் புயலில் மஞ்சளான ஜன்னல். ஊரிலிருக்கும் அம்மாவுக்கும் மனைவிக்கும் தினமும் ஒன்றாவது போகும். ஒருவர்கூட இதைப் புகைப்படக் கலை என்று சொன்னதில்லை, அவர்கள் உட்பட.

2020 ஏப்ரலில் சிங்கப்பூரில் கொரோனா பரவி, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கியிருந்த தொழிலாளர் விடுதிகள் அடைக்கப்பட்டன. பத்திரிகைக் கேமரா நுழைய முடியாத அந்த அறைகளில் சாப்பாடு எப்படி, கழிவறை எப்படி, கட்டில்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதையெல்லாம் வெளியே கொண்டுவந்ததில் தொழிலாளர்களின் போன் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஊரோடு ஒட்டித் தங்கியவர் படம்தான் படம் என்றால், பத்து வருடம், இருபது வருடம் என்று தங்கியவர்களைத்தான் முதல் வரிசையில் உட்கார வைக்க வேண்டும்.

அமீரகத்தில் இருப்பவர்கள் மட்டும் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 2021-ன் இணையக் குற்றச் சட்டப்படி, ஒருவரின் சம்மதமில்லாமல் அவரைப் படமெடுத்து அவருடைய அந்தரங்கத்தில் தலையிட்டால் சிறைத் தண்டனை உண்டு. ஒன்றரை லட்சம் முதல் ஐந்து லட்சம் திர்ஹம் வரை அபராதமும் விழலாம். அறை நண்பர் தூங்கும்போது விளையாட்டாக எடுத்துக் குழுவில் போடுகிற படமும் வம்பாகிவிடும்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வரும் படம் சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. முக்கியமானவற்றை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொன்னால் முழுப் படமும், எடுத்த தேதியோடு வந்து சேரும். போனில் இடமில்லை என்று ‘குட்மார்னிங்’ பூக்களை மொத்தமாக அழிக்கும்போது, அவற்றோடு சேர்ந்து அப்பா எடுத்த அந்த அடுக்குக் கட்டில் படமும் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பென்டிரைவ் வாங்கி, வருடம் போட்டு, எங்கே எடுத்தது, பக்கத்தில் நிற்பவர் யார் என்று அவர் விடுமுறைக்கு வரும்போது கேட்டு எழுதி வையுங்கள்.